பல்வலி

திருச்சி தில்லை நகரில் பல் டாக்டர்களுக்குப் பஞ்சமே கிடையாது. முதல் கிராஸில் ஆரம்பித்துப் பதினோராவது கிராஸ் வரை நடந்து பாருங்கள். பல்லுக்கு ஒரு போர்டு, கண்ணுக்கு ஒரு போர்டு, ஸ்கேனுக்கு ஒன்று, கோச்சிங் சென்டருக்கு ஒன்று என்று தலைக்கு மேல் போர்டுகளாக நிற்கும். அதனால்தான் அந்தப் பொய் எங்களுக்கு அவ்வளவு சுலபமாக வந்தது. 2010-ஆம் வருஷம் ஆடி மாதம் ஒரு சாயங்காலம், துவாக்குடியிலிருந்து பஸ் பிடித்துச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கோட்டை ஸ்டேஷன் பாலம் ஏறி, நானும் எங்கள் ஷாப் வெல்டர் அண்ணனும் தில்லை நகருக்கு நடந்தோம். ‘பல்லைக் காட்டப் போகிறேன்’ என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். அவர் சம்சாரம் ஒரு காகிதப் பொட்டலத்தில் நாலு கிராம்பு மடித்துச் சட்டைப் பையில் வைத்து அனுப்பியிருந்தது.

நாங்கள் போனது மனநல மருத்துவரிடம்.

கிளினிக் வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றுக்கு நடுவில் தன் சேஃப்டி ஷூவைக் கழற்றி வைக்க அவருக்கு மனம் வரவில்லை. நெருப்புப் பொறி விழுந்து விழுந்து மேல் தோலெல்லாம் மிளகு தூவியதுபோல் ஓட்டை. “பாத்தா வெல்டர்னு தெரிஞ்சுரும் தம்பி,” என்றார். ஷாப்பில் நான் அவருக்கு ‘சார்’. கேட்டைத் தாண்டினால் ‘தம்பி’. எனக்கு முப்பத்து நாலு, அவருக்கு நாற்பத்தாறு. ஷூவை எடுத்துச் சுவரோரம், ஒரு பூந்தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

கும்பகோணத்துக்குப் பாத்திரம் எப்படியோ, திருச்சிக்கு அப்படி வெல்டிங். 1965-இல் திருவெறும்பூரில் செக்கோஸ்லோவாக்கியக் கூட்டுறவோடு பெல் நிறுவனத்தின் பாய்லர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. பத்து வருஷம் கழித்து அதே வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் வந்தது. அந்த ஆலையைச் சுற்றித் துவாக்குடியிலும் மாத்தூரிலும் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. அப்படிப்பட்ட ஒரு பட்டறையில் நான் டிப்ளமோ படித்த சூப்பர்வைசர். அனல் மின் நிலையப் பாய்லர் வேலை பல பேர் கை மாறி எங்களுக்கு வரும். பதினோராவது ஐந்தாண்டுத் திட்டம், 2007-லிருந்து 2012-க்குள் 78,000 மெகாவாட்டுக்கு மேல் புதிய மின்திறன் சேர்க்க இலக்கு வைத்திருந்தது. டெல்லியில் போட்ட அந்த மெகாவாட் கணக்கு துவாக்குடிக்கு வரும்போது டன் கணக்கானது. டன் கணக்கு என் மேஜைக்கு வரும்போது ராத்திரி ஷிப்டானது.

காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு, ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு. இரண்டே ஷிப்ட். 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி. எங்கள் ரிஜிஸ்தரில் எல்லாம் எட்டு மணிதான். மிச்ச நான்கு மணி நேரம் ஒரு கவரில் வரும், ஒற்றைக் கூலியாக. யாரும் புகார் சொன்னதில்லை. மகள் காலேஜ் ஃபீஸ், வீட்டுக்கு மேல் தளம், வட்டிக்கு வாங்கியது என்று ஒவ்வொருவருக்கும் அந்தக் கவருக்கு ஒரு செலவு காத்திருந்தது. நைட் போடவில்லையென்றால் கோபப்பட்டவர்களும் உண்டு.

என் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவர். சங்கு ஊதினால் கையிலிருக்கிற ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார். 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் போலீஸ் சுட்டு ஐந்து தொழிலாளிகள் செத்தார்கள். வருஷா வருஷம் அந்தத் தேதியில் என்னைச் சங்கத் திடலுக்குக் கூட்டிப் போவார். அந்த மனுஷனின் பிள்ளைதான் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் சார்ட்டை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நோட்டீஸ் போர்டில் ஒட்டியவன். அப்பாவிடம் மட்டும் அதை நான் சொன்னதேயில்லை.

அண்ணன் எங்கள் பட்டறையின் முதல் கை. லால்குடியைத் தாண்டி ஒரு கிராமம். ஆர்கான் வெல்டிங்கில் ரூட், அதாவது அடி வெல்ட், ஓட்டுவதற்கு அவரை விட்டால் ஆளில்லை. குழாய்கள் நெருக்கமாக நிற்கும் இடத்தில் பின்பக்க ஜாயின்ட்டை நேராகப் பார்க்க முடியாது. ஒரு சின்னக் கண்ணாடியைப் பின்னால் சாய்த்து வைத்து, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே வெல்டிங் பண்ண வேண்டும். கண்ணாடியில் எல்லாம் தலைகீழ். கண் ஒரு பக்கம் சொல்லும், கை மறுபக்கம் போக வேண்டும். டங்ஸ்டன் முனைக்கும் உருகிய குழம்புக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளிதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த இடைவெளியை அப்படியே சுற்றிக் கொண்டுபோவார். முடித்ததும் ஹெல்மெட்டைத் தூக்கி, “ஃபிலிம் எடுத்துக்குங்க சார்,” என்பார். அதில் ஒரு செருக்கு இருக்கும். ரிப்பேரே வராது.

அந்த வருஷம் சித்திரையிலிருந்து வர ஆரம்பித்தது.

எக்ஸ்ரே எடுக்கிற ஆட்கள் ராத்திரியில்தான் வருவார்கள். இரிடியம் பெட்டியைத் திறப்பதற்கு முன் கயிறு கட்டி, சிவப்பு விளக்கு வைத்து, ஷாப்பின் அந்தப் பகுதி முழுவதையும் காலி பண்ணிவிடுவார்கள். நைட் ஷிப்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்த நேரம் அது ஒன்றுதான். கதிர்வீச்சு புண்ணியத்தில் கிடைத்த ஓய்வு. மறுநாள் ஃபிலிமை விளக்கில் வைத்துப் பார்த்தால், சாம்பல் நிறத்துக்கு நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு. காற்றுக்குமிழி என்றால் கறுப்பாகத் தெரியும். டங்ஸ்டன் இரும்பைவிட அடர்த்தி, அதனால் வெள்ளை. அதாவது முனை குழம்பில் பட்டு ஒடிந்து உள்ளே போயிருக்கிறது. அதாவது கை ஆடியிருக்கிறது. முதல் வாரம் ஒன்று. அடுத்த வாரம் மூன்று. அதற்கடுத்த வாரம் ஃபிலிமைப் பார்க்கவே அவர் வரவில்லை.

“கை ஓடல சார்,” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை அவருக்கு. கேட்கவும் தெரியவில்லை எனக்கு. மெஷினை மாற்றினேன். கேஸ் சிலிண்டரை மாற்றினேன். கண் சரியில்லையோ என்று கண்ணாடி போட்டுப் பார்க்கச் சொன்னேன். பசங்கள் திருஷ்டி என்று சொல்லி மெஷினுக்கு எலுமிச்சம்பழம் கட்டினார்கள். ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்கு ரவுண்டு போனபோது, ஹெல்மெட்டை இறக்கியபடியே ஜாப்புக்கு முன்னால் அவர் குந்தியிருந்தார். ஆர்க் இல்லை, சத்தம் இல்லை. தூங்குகிறாரென்று நினைத்து ஹெல்மெட்டைத் தூக்கினேன். முகமெல்லாம் நனைந்திருந்தது. “தூசி சார்,” என்றார்.

தில்லை நகர் யோசனையைச் சொன்னது என் மனைவியின் அக்கா, நர்ஸாக இருந்தவர். ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் அண்ணனிடம் வாயெடுத்தேன். “பைத்தியம்னு முடிவு பண்ணிட்டீங்களா தம்பி?” என்று கேட்டார். கோபமில்லை அதில். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். அவசரப்படவில்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், பகலில் வீட்டில் யார் யார் இருப்பார்கள், சாப்பாடு இறங்குகிறதா, கடைசியாக எதற்குச் சிரித்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு அண்ணன் வெகுநேரம் யோசித்தார். பகலில் ஓட்டுக்கூரைச் சூட்டில், மாட்டுச் சத்தத்துக்கும் டி.வி. சத்தத்துக்கும் நடுவில் மூன்று மணி நேரம் படுக்கிறார். கண்ணை மூடினால் ஆர்க் தெரிகிறது. சம்சாரம் பேசினால் எரிச்சல் வருகிறது. மகள் பேசினால் எதுவுமே வருவதில்லை. “நல்ல வேலை செஞ்சாலும் நான் செஞ்சதா தோண மாட்டேங்குது சார். யாரோ செய்யற மாதிரி இருக்கு.”

“தூக்கம் கெட்டுப்போய், மனச்சோர்வு ஆரம்பிச்சிருக்கு. அதுக்கு மாத்திரை தரேன், சரியாகும்,” என்றார் டாக்டர். “ஆனா அதுக்கு அடியில இன்னொண்ணு இருக்கு. பர்ன் அவுட்டுன்னு சொல்லுவாங்க.”

அண்ணன் சட்டென்று நிமிர்ந்தார். “பர்ன் த்ரூங்களா?”

டாக்டருக்குப் புரியவில்லை. அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்து, பல மாதங்களில் முதல் தடவையாக, கையை ஆட்டி விளக்க ஆரம்பித்தார். தகடு மெலிசாக இருக்கும்போது கரண்டைக் கூட வைத்தாலோ, ஒரே இடத்தில் கையை நிறுத்தினாலோ, உருகி ஓட்டை விழுந்துவிடும். அதுதான் பர்ன் த்ரூ. “தகட்டு மேல தப்பு இல்லீங்க. கரண்டு வச்சவன் தப்பு.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். என்னைப் பார்த்து, “நீங்க இவருக்கு என்ன வேணும்?” என்றார்.

“சூப்பர்வைசர்ங்க.”

“ஷிப்ட் போடறது யாரு?”

நான்தான் என்று சொன்னேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. சீட்டில் மாத்திரைகளை எழுதி, அடியில் ‘இரவு வேலை கூடாது’ என்று தமிழில் எழுதிக் கோடு போட்டு, சீட்டை என் கையில் கொடுத்தார்.

மறுநாள் என் மேஜையில் இரண்டு காகிதங்கள் கையெழுத்துக்குக் காத்திருந்தன. ஒன்று எஸ்.ஆர். சார்ட். ஸ்ட்ரெஸ் ரிலீவிங் என்பதைத்தான் ஷாப்பில் எஸ்.ஆர். என்போம். வெல்டிங் பண்ணும்போது இரும்பு சூடாகி விரிந்து, குளிர்ந்து சுருங்குவதில் உள்ளுக்குள் ஓர் இழுப்பு தங்கிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. அப்படியே அனுப்பினால் ஒருநாள் விரிசல் விடும். அதனால் ஜாப்பை ஃபர்னஸில் ஏற்றி, மெதுவாக 600 டிகிரிக்கு மேல் கொண்டுபோய், 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் அங்கேயே நிறுத்தி, பிறகு உள்ளேயே மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுச் சூடேற்றினாலும் தப்பு, அவசரப்பட்டுக் கதவைத் திறந்தாலும் தப்பு. தெர்மோகப்பிள் காட்டும் சூட்டைப் பேனா முள் ஒன்று விடாமல் கோடாக எழுதிக்கொண்டே இருக்கும். அந்தக் கோட்டை மணிக்கணக்கில் அளந்து பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன். சந்தேகமிருந்தால் போட மாட்டேன். முதலாளி வந்து நின்றாலும் போட மாட்டேன்.

இன்னொரு காகிதம் அடுத்த வாரத்து ஷிப்ட் சார்ட்.

இரும்புக்கு எவ்வளவு நேரம் ஓய்வு வேண்டும் என்று டிராயிங்கிலேயே எழுதியிருக்கிறது. அதை மீறினால் வேலை ரிஜெக்ட். அந்த இரும்பை ஒட்டுகிறவனுக்கும் சட்டத்தில் எழுதித்தான் இருக்கிறது. ஆனால் அதை மீறினால் ரிஜெக்ட் ஆவது வேலையல்ல, அவன்தான். இத்தனை வருஷமும் இரண்டிலும் கையெழுத்துப் போட்டது ஒரே பேனா.

இதெல்லாம் தோன்றியதால் நான் பெரிய நியாயவானாகி முதலாளி அறைக்குப் போனேன் என்று நினைக்க வேண்டாம். பயந்துகொண்டுதான் போனேன். அண்ணனுக்குக் கண்ணில் நீர் வடிகிறது, ராத்திரி வெளிச்சம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். ஒரு ரிப்பேர் வந்தால் வெட்டியெடுத்து, கிரைண்ட் பண்ணி, மறுபடி வெல்டிங், மறுபடி எக்ஸ்ரே என்று எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். கணக்குதான் வேலை செய்தது. அவரைப் பகலுக்கு மாற்ற ஒப்புக்கொண்டார்.

அதற்கு முன் இரண்டு வாரம் லீவு எடுக்க வேண்டியிருந்தது. இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவி என்று வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் ஒரு பகுதி உண்டு. அதற்கு டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும். அதில் ‘மனம்’ என்ற சொல் வந்தால் லீவே வேண்டாம் என்றார் அண்ணன். அந்தக் காகிதம் டைம் ஆபீஸ் வழியாக ஊர் போய்ச் சேர்ந்துவிடும், மகளுக்கு வரன் பார்க்கிற நேரம் என்றார். கடைசியில் காய்ச்சல் என்று சாதாரண லீவாகவே போட்டோம். வீட்டுக்குப் பல், முதலாளிக்குக் கண், டைம் ஆபீஸுக்குக் காய்ச்சல். அந்த மனுஷனுக்கு மனசைத் தவிர எல்லாவற்றுக்கும் நோய் வந்தது, காகிதத்தில்.

இரண்டாம் தடவை கிளினிக்குக்குப் போனபோது ஷூவை ஒளித்து வைக்க அதே பூந்தொட்டிக்குப் பின்னால் குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார். “தம்பி, இங்க பாருங்க.” அங்கே ஏற்கெனவே மூன்று ஜோடி சேஃப்டி ஷூ கிடந்தன. ஒன்றில் சிமெண்ட், ஒன்றில் கிரீஸ். மூன்றாவதில் மிளகு தூவியதுபோல் ஓட்டைகள். உள்ளே ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களின் பாதங்களை நானும் அவரும் திருட்டுத்தனமாகப் பார்த்தோம். அவர்களும் எங்கள் பாதங்களைப் பார்த்தார்கள். யாரும் யாரிடமும் பேசவில்லை. ஆனால் அன்று அண்ணன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வெல்டருக்கு ரிப்பேர் வந்தால் வெல்டரைக் கேட்போம். ஒரே மெஷினில் நாலு வெல்டருக்கு ரிப்பேர் வந்தால் மெஷினைத்தான் கழற்றுவோம். எந்த மடையனும் நாலு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ‘மனசைத் தைரியமா வச்சுக்க’ என்று சொல்ல மாட்டான்.

ஆறு மாதத்தில் அவர் கை திரும்பி வந்தது. முழுசாக வந்தது என்று சொல்ல மாட்டேன். கண்ணாடி வைத்துப் பண்ணும் ஜாயின்ட்டை அதற்குப் பிறகு அவர் தொடவில்லை. பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கிராம்புப் பொட்டலம் கடைசிவரை சட்டைப் பையிலேயே இருந்தது. பக்கத்தில் வந்தாலே மணக்கும்.

என் முறை 2014-இல் வந்தது. அதற்குள் காற்று திசை மாறிவிட்டது. புதிய அனல் மின் நிலைய ஆர்டர்கள் வற்ற, பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. லேத்தை எடைக்குப் போட்டார்கள். எங்கள் ஷாப்பில் நாற்பது பேரில் பதினொரு பேர்தான் மிச்சம். யார் யாரை நிறுத்துவது என்று பட்டியல் போட்டதும் நான்தான். வேலை அதிகமாக இருந்தாலும் ஆள் எரிகிறான், இல்லாமல் போனாலும் எரிகிறான். ஸ்ரீரங்கத்தில் வீட்டை விட்டு எட்டு மணிக்குக் கிளம்புவேன். அம்மா மண்டபம் படித்துறையில் வண்டியை நிறுத்திவிட்டு, தர்ப்பணம் பண்ணுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே பத்து மணி வரை உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் ஓடுகிறதா என்றுகூடத் தெரியாது. மனைவியிடம், பல்வலி, தில்லை நகர் போகிறேன் என்றேன். “ஆறு மாசமா ஒரே பல்லா?” என்றாள். அவள் மாத்திரை அட்டையை எப்போதோ பார்த்திருந்தாள்.

இந்த நிலைக்கு ஒரு பேர் இருக்கிறதென்பதே நிறையப் பேருக்கு ஆறுதல். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் மாய்ந்து மாய்ந்து வேலை பார்த்த ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், 1974-இல் தன்னையும் கூட இருந்தவர்களையும் வைத்துத்தான் பர்ன் அவுட் பற்றி எழுதினார். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பதினோராவது பதிப்பில் அதை விளக்கியபோது, இது நோயல்ல, வேலையோடு சம்பந்தப்பட்ட ஒரு நிலை என்று பிரித்தே எழுதியது. சக்தியெல்லாம் வடிந்துபோவது, வேலைமேல் வெறுப்பும் விலகலும் வருவது, செய்வதில் திறன் குறைவது என்று மூன்று அடையாளங்கள் சொன்னது. அண்ணன் எங்களிடம் சொன்னதெல்லாம் ஏறக்குறைய இவைதான். 2021-இல் அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட கணக்கு இன்னும் கடுமை. வாரத்துக்கு 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பதால் வந்த பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016-இல் மட்டும் 7,45,000 பேர் இறந்திருக்கிறார்கள். எங்கள் பன்னிரண்டு மணி ஷிப்ட்டை ஆறால் பெருக்கினால் 72.

இன்னொன்று. தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதலில் தொடங்கியது திருச்சியில்தான், 1997-இல். நாங்கள் ஒளிந்து ஒளிந்து தில்லை நகருக்கு நடந்தபோது, பக்கத்திலேயே புத்தூரில் பெரிய அரசு மருத்துவமனை இருந்தது. துவாக்குடியில் எங்கள் ஷாப்பில் ஒருவருக்கும் அங்கே இதற்கு வைத்தியம் உண்டு என்று தெரியாது. டெட்டனஸ் ஊசி எங்கே போடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

2023 ஏப்ரல் 21 அன்று, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி விடும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்ப, மூன்றாம் நாள் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். மசோதா நிறைவேறிய செய்தி வந்த ராத்திரி லால்குடியிலிருந்து போன் வந்தது. “என்ன தம்பி, பன்னண்டு மணி நேரம்னு என்னமோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி பேசறாங்க. நாம அப்பவே போட்டோமே!” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தாரோ என்னவோ, கொஞ்சம் நிறுத்தி, “பல்லு எப்படி இருக்கு?” என்று கேட்டார். எங்கள் இருவருக்கும் அதுதான் நலம் விசாரிப்பு.

இப்போது நான் பையன்களுக்கு வெல்டிங் சொல்லித் தருகிறேன். போன மாதம் ஒருவன், இரண்டு வருஷம் முன்னால் என்னிடம் படித்துவிட்டு வேலைக்குப் போனவன், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பிடித்துக்கொண்டான். “சார், தில்லை நகர்ல நல்ல பல் டாக்டர் யாரு சார்?”

எனக்குத் திக்கென்றது. நைட் ஷிப்டா, தூக்கம் வருகிறதா, கை நடுங்குகிறதா என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவன் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, வாயை அகலத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டினான். கறுத்துப் பாதி கரைந்த, அசல் சொத்தைப் பல்.

பல் டாக்டர் விலாசத்தைச் சொன்னேன். பிறகு, ஏன் அப்படியெல்லாம் கேட்டேன் என்று பன்னிரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததை, பஸ் இரைச்சலுக்கு நடுவில் சத்தமாகவே சொன்னேன். எனக்குத் தூக்கம் போயிற்று, மனசு சரியில்லாமல் போயிற்று, அதற்கு வைத்தியம் பார்த்தேன். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்று அரசாங்க எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம் என்றேன். தலையாட்டினான். லால்குடி பஸ் ஒன்று போனது, துறையூர் பஸ் ஒன்று வந்தது. அவன் ஏறவில்லை.

“அந்த இன்னொரு டாக்டர் எத்தனை மணிக்கு சார் வருவாரு? எனக்கில்ல. எங்க ரூம்ல ஒருத்தன்.”

யார் என்று நான் கேட்கவில்லை. “ஆறு மணிக்கு மேல,” என்றேன். “ஷூவை வாசல்லயே விட்டுட்டுப் போகச் சொல்லு. ஒளிச்சு வைக்க வேண்டாம். துணைக்கு நாலு ஜோடி கிடக்கும்.”